முகத்தைக் கடைசியில் பாருங்கள்: நியூயார்க், பிலடெல்பியாவில் நான்கு நாள், ஆறு பெண்கள்

முதல் நாள், வியாழன்: கெர்ட்ரூட் ஸ்டைன்

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் செவ்வாயும் புதனும் மூடியிருக்கும். அதனால் நவீன ஓவியத்தில் பெண் உருவப்படம் என்ற ஒரே பொருளுக்காக இந்த இரண்டு ஊர்களுக்கும் போகிறவர்கள், வியாழனில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமையில் முடித்தால் எந்தக் கதவும் சாத்தியிருக்காது. இந்த நான்கு நாளில் போகப்போகும் மூன்று அருங்காட்சியகங்களிலும் பெரியவர்களுக்குக் கட்டணம் 30 டாலர். மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை உண்டு, அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின இரவே ஒரு வேலையை முடித்துவிட வேண்டும். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஓவியத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இப்போது காட்சியில் இருக்கிறது என்று அறை எண்ணோடு வந்தால்தான் கிளம்பலாம். புகழ்பெற்ற படங்கள் வெளியூர்க் கண்காட்சிக்குக் கடனாகப் போவதும், அறை மாறுவதும் சகஜம். பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கும் அறை எண்ணை நம்பிப் போனால் அரை நாள் வீணாகும்.

பையில் ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் போதும். ஓவியங்களுக்குப் பக்கத்தில் பேனா எடுத்தால் காவலர் வந்து நிறுத்துவார். முதுகுப்பையைப் பொருள் காப்பறையில் கொடுத்துவிடுங்கள். தோளில் அது இருக்கும்வரை பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்க உடம்பு ஒத்துழைக்காது.

4, 5, 6 ரயில்களில் ஒன்றில் 86ஆம் தெருவில் இறங்கி, மேற்கே ஐந்தாம் அவென்யூ வரை நடந்து, தெற்கே 82ஆம் தெருவுக்கு வந்தால் மெட்டின் பெரிய படிக்கட்டு. காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள். எகிப்தியக் கூடம் இழுக்கும், அதற்கு இன்னொரு நாள் வையுங்கள். கண் புதிதாக இருக்கும்போதே நேராக, பாரிஸில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனை பிகாசோ வரைந்த உருவப்படத்துக்குப் போங்கள்.

ஒரு மீட்டர் உயரம், 81 சென்டிமீட்டர் அகலம். 1905-06இல் வரைந்தது. இதை அரூப ஓவியம் என்று சொல்ல முடியாது, உட்கார்ந்திருக்கும் பெண் தெளிவாகவே தெரிகிறாள். ஆனால் பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் கதவு திறந்தது இந்தப் படத்தில்தான். இதைப் பார்க்காமல் அடுத்த நாள், உருவத்தைத் துண்டு துண்டான தளங்களாக உடைத்து வரையும் கியூபிச ஓவியத்தின் முன்னால் போய் நின்றால் வெறும் புதிராகத்தான் தெரியும்.

முதல் பத்து நிமிடம் விளக்க அட்டையைப் படிக்காதீர்கள். அதைப் படித்துவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிட்டு, படித்ததைச் சரிபார்க்கத் தொடங்கிவிடும். ஒருவரை வருணிக்க நம் இலக்கியத்தில் கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று இரண்டு வழி உண்டு. நவீன உருவப்படத்துக்குப் பாதாதிகேசமே உதவும். கீழிருந்து தொடங்கினால் முகத்தின் ஆதிக்கம் குறையும். ஓவியர் உண்மையில் எதில் உழைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

கீழே ஒரு பெரிய பழுப்பு மலை: பாவாடை, மேலங்கி, நாற்காலி எல்லாம் ஒரே நிறையாகச் சேர்ந்துவிட்டன. உடல் முன்னால் சாய்ந்திருக்கிறது. கைகளைப் பாருங்கள். வண்ணம் மெதுவாகக் கரைந்து, விரல்களின் சதை தெரிகிறது. அங்கிருந்து கழுத்தில் உள்ள வெள்ளைத் துணி, அதற்கு மேல் முகம். இந்த இடத்தில் நில்லுங்கள். கைகள் மிருதுவாக இருக்க, முகம் மட்டும் மரத்தில் செதுக்கியதுபோல் இருக்கிறது. இரண்டு கண்களும் ஒரே அளவில் இல்லை, ஒரே மட்டத்திலும் இல்லை. நெற்றியும் முடியும் சேரும் கோட்டைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், முகமூடி ஒன்றைத் தலையில் பொருத்தியதுபோல் விளிம்பு தெரியும்.

இந்த முரண்பாட்டுக்குக் காரணம் ஓவியம் உருவான விதம். ஸ்டைனின் கணக்குப்படி அவர் எண்பது தொண்ணூறு தடவை பாரிஸின் மான்மார்த்தர் பகுதியில் இருந்த பிகாசோவின் அறையில் போய் உட்கார்ந்திருக்கிறார். 1906 வசந்தத்தில் பிகாசோ தலைப்பகுதியை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பெயினில் கோசோல் என்ற மலைக்கிராமத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும், ஸ்டைனை எதிரில் உட்காரவைக்காமலேயே முகத்தை வரைந்தார். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அப்போது அவர் பார்த்த, பண்டைய ஸ்பெயினின் ஐபீரியச் சிற்பங்களின் முகம் அதில் இறங்கியிருக்கிறது. ஆக, இந்தப் படத்தில் இரண்டு காலங்கள் இருக்கின்றன. கைகள் பார்த்து வரைந்தவை, முகம் நினைவிலிருந்து செய்தது.

ஸ்டைனைப் போலவே இல்லையே என்று அன்றைக்கே சொன்னார்கள். சாயல் முகத்தில் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்ததால் வந்த குறை அது. உட்காரும் தோரணையிலும் உடம்பின் எடையிலும் சாயல் இருக்கிறது. முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள், அங்கே ஒரு குறிப்பிட்ட மனிதர் உட்கார்ந்திருப்பார். நான்கு நாளும் எல்லாப் படத்துக்கும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: முகத்தை எடுத்துவிட்டு, ஓவியர் எதை வைத்துக்கொண்டார்?

இரண்டாம் நாள், வெள்ளி: "மா ஜொலி", கண்ணாடி முன் நிற்கும் பெண்

நவீனக் கலை அருங்காட்சியகம் 53ஆம் தெருவில் இருக்கிறது, எல்லோரும் சொல்லும் பெயர் மோமா. இ ரயிலில் ஐந்தாம் அவென்யூ 53ஆம் தெரு நிறுத்தம். 10:30க்குத் திறக்கும். வெள்ளி மாலை நியூயார்க் மாநிலவாசிகளுக்கு இலவசம் என்பதால் கூட்டம் நெரியும். காலையிலேயே போய்விடுங்கள். திறந்ததும் எல்லோரும் வான்கோவின் நட்சத்திர இரவை நோக்கி ஓடுவார்கள். அந்த முதல் அரை மணி நேரம் அதே ஐந்தாம் தளத்தில் கியூபிச அறை ஏறக்குறைய காலியாக இருக்கும்.

"மா ஜொலி", 1911-12 குளிர்காலம், பிகாசோ. ஒரு மீட்டர் உயரம், 64.5 சென்டிமீட்டர் அகலம். நேற்றுப் பார்த்த படத்துக்கும் இதற்கும் ஆறு ஆண்டுதான் இடைவெளி. உயரமும் அதேதான். ஆனால் பெண் எங்கே?

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, குழந்தைகள் பத்திரிகையில் வரும் மறைந்திருக்கும் படத்தைக் கண்டுபிடி விளையாட்டைப்போல் இதை எடுத்துக்கொள்வது. மூக்கு கிடைத்ததா, கண் கிடைத்ததா என்று தேடிக் கிடைக்காமல், ஏமாந்து நகர்ந்துவிடுகிறார்கள். உடைந்த கண்ணாடியை மனதில் ஒட்டவைத்தால் முழு முகம் வந்துவிடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. வராது. ஒட்டவைக்க வேண்டும் என்று இந்தப் படம் கேட்கவும் இல்லை.

மூன்று தூரத்தில் நின்று பாருங்கள். முதலில் ஏறக்குறைய மூன்று மீட்டர். கண்ணைப் பாதி மூடிக்கொண்டால் பழுப்பும் சாம்பலும் கலந்த கூட்டத்தில் ஒரு கோபுர வடிவம் எழும். நடுவில் அடர்த்தி, ஓரங்களில் மெலிந்து கரையும். உட்கார்ந்திருக்கும் உடம்பின் நிறை அதுதான். நேற்று ஸ்டைனிடம் பார்த்தீர்களே, அதேதான்.

அடுத்து ஒன்றரை மீட்டர். கீழ்ப்பாதியின் நடுவில் ஒரு முக்கோணம், அதில் கம்பி கட்டியதுபோல் கோடுகள்: கிடாரோ ஸிதரோ, ஒரு தந்தி வாத்தியம். கம்பிகளுக்குக் கீழே நான்கு விரல்கள். வலப்பக்கம் ஒரு முழங்கை துருத்திக்கொண்டிருக்கிறது. மேலே, தலை இருக்கவேண்டிய இடத்தில், புன்னகை மாதிரி ஒன்று தெரிந்தும் தெரியாமலும் இருக்கிறது. விரல், கம்பி, முழங்கை மூன்றும் கிடைத்தால் ஒரு பெண் வாத்தியம் வாசிக்கிறாள் என்பது புலப்பட்டுவிடும். மற்ற பாகங்களைத் தேடவேண்டாம்.

கடைசியாக அரை மீட்டர், காவலர் அனுமதிக்கும் அளவுக்கு. வண்ணத்தைச் சின்னச் சின்னக் கிடைத் தீற்றல்களாக, செங்கல் அடுக்கியதுபோல் வைத்திருப்பது தெரியும். ஒவ்வொரு தளமும் ஒரு விளிம்பில் மட்டும் கூர்மையாக இருக்கும். எதிர் விளிம்பு பக்கத்துத் தளத்துக்குள் ஒழுகிப்போகும். அதனால்தான் எது முன்னால், எது பின்னால் என்று கண் தீர்மானிக்க முடியாமல் தவிக்கிறது. அந்தத் தவிப்பு திட்டமிட்டு உருவாக்கியது. இருண்ட பழுப்பின்மேல் விளக்கொளி அடித்துக் கூசினால் நேர் எதிரில் நிற்காமல் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள்.

இப்போது கீழே இருக்கும் எழுத்துகள். அச்சு எழுத்துபோல, கொட்டை எழுத்தில், மா ஜொலி. பக்கத்தில் இசைக்குறிப்பின் ஸ்வரக்குறியும் கோடுகளும். "என் அழகி" என்று அர்த்தம். அன்றைய பாரிஸ் இசைக்கூடங்களில் பிரபலமான ஒரு பாட்டின் பல்லவியில் வரும் சொல். மார்செல் உம்பேர் என்ற தன் காதலி ஈவா கூவெல்லைப் பிகாசோ கூப்பிட்ட செல்லப்பெயரும் அதுவே. ஆழம், தளம், ஒளி எல்லாம் குழம்பிக் கிடக்கும் படத்தில், படிக்கத் தடுமாறாத ஒரே இடம் இந்தப் பெயர். முகத்தை எடுத்துவிட்டு, பெயரை வைத்துக்கொண்டார். ஈவா 1915 டிசம்பரில் நோயில் இறந்துபோனார். அதைத் தெரிந்துகொண்டு திரும்பப் பார்த்தால் படம் சோகமாகத் தெரியும். ஆனால் அந்தச் சோகம் நாம் கொண்டுபோய் வைப்பது. 1912இல் வரைந்த படத்தில் 1915 இருக்க முடியாது. பொருள் சொல்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

சாப்பாட்டுக்கு வெளியே போய்விட்டு வாருங்கள். ஒரு நாளில் இரண்டு படம்தான், மூன்றாவதைக் கண் வாங்காது.

மதியம்: பிகாசோவின் கண்ணாடி முன் நிற்கும் பெண், 1932 மார்ச் 14. 162.3 x 130.2 சென்டிமீட்டர். காலையில் பார்த்ததற்கு நேர் எதிர், வண்ணம் முகத்தில் அறைகிறது. முதலில் கைபேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பாருங்கள் (ஃப்ளாஷ் கூடாது). நிறத்தில் மோதிக்கொள்ளும் பல இடங்கள் சாம்பலில் ஒன்றாகிவிடும். ஒளிநிழலை நம்பாமல், நிறங்களின் மோதலையும் தடித்த கறுப்புக் கோட்டையும் வைத்தே உருவத்தை நிறுத்தியிருக்கிறார் என்பது அப்போது விளங்கும். தேவாலயத்து வண்ணக் கண்ணாடி ஜன்னலில் ஈயக்கோடுகள் செய்யும் வேலையை இங்கே கறுப்புக் கோடு செய்கிறது.

இடப்பக்கம் நிற்கும் பெண்ணின் முகத்தில் இரண்டு பார்வைகள். பக்கவாட்டு முகம் வழுவழுப்பான இளஞ்சிவப்பு ஊதா. அதோடு ஒட்டிய நேர்முகம் பிறைபோல் வளைந்த கொழுத்த மஞ்சள், சாயம் பூசிய உதடு, பச்சை இமை. வண்ணம் பூசிய கையும் வேறு: ஊதாவில் தடவல், மஞ்சளில் அப்பல். பக்கத்தில் போய் இந்த இரண்டு பரப்புகளும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். அந்த ஒரு கோடு பக்கவாட்டு முகத்தின் விளிம்பாகவும் இருக்கிறது, நேர்முகத்தை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோடாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கண் பிடிக்காது, மாறி மாறித்தான் பிடிக்கும்.

அவள் கை படத்தைக் குறுக்கே கடந்து கண்ணாடியின் மறுபக்க விளிம்பைத் தொடுகிறது. உள்ளே தெரியும் பிம்பம் இருண்டது, வேறு முகம். முதுமையா, மரணமா, அவளுடைய மறைவான மனமா? மூன்றும் சொல்லப்பட்டிருக்கின்றன. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. எந்த விளக்கமாக இருந்தாலும், அதற்கு ஆதாரமாகப் படத்தில் மூன்று இடங்களை விரலால் சுட்டிக்காட்ட முடிய வேண்டும். முடிந்தால் வைத்துக்கொள்ளலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம். முதுமை என்பதற்கு மூன்று இடம் தேறுவது கடினம். அவளும் பிம்பமும் ஒருவரல்ல என்பதற்கு ஏராளமாகக் கிடைக்கும்.

படத்தில் இருப்பவர் பிகாசோவின் காதலி மரி தெரேஸ் வால்த்தேர். பிகாசோவைச் சந்தித்தபோது அவருக்கு 17 வயது, பிகாசோவுக்கு 45. இந்தப் படத்தை விளக்குபவர்கள் இதை அடிக்குறிப்பாக ஒதுக்கக் கூடாது. அவள் தன்னைப் பார்ப்பதாகப் படம் சொல்கிறது. ஆனால் கண்ணாடியில் தெரிவதைத் தீர்மானித்தவர் தூரிகை வைத்திருந்தவர். இதற்கும் மூன்று இடம் காட்டலாம்: சட்டகத்துக்குள் அடைபட்ட பிம்பம், அவளைச் சூழ்ந்து நெருக்கும் வைர வடிவச் சுவர்த்தாள், அந்தச் சுவர்த்தாள் நினைவூட்டும் ஹார்லெக்வின் கோமாளியின் உடை. அந்தக் கோமாளி பிகாசோ தனக்கென்று வைத்துக்கொண்ட வேஷம்.

மூன்றாம் நாள், சனி: டி கூனிங்கின் "பெண் 1"

மறுபடி மோமா, இந்தத் தடவை நான்காம் தளம். இரண்டு நாளுக்குரியதை ஒரே சீட்டில் அடக்க நினைக்கிறவர்களுக்கு: முடியும், ஆனால் இந்தப் படத்தை நேற்று மாலை களைத்த கண்ணோடு பார்த்திருந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரிந்திருக்கும்.

192.7 x 147.3 சென்டிமீட்டர். நம்மைவிட உயரமான பெண் உட்கார்ந்து முறைக்கிறாள், சிரிக்கிறாள், இரண்டும்தான். அச்சில் உள்ளங்கை அளவில் பார்த்தவர்கள் இந்த உயரத்தைத் தவறவிடுகிறார்கள். படத்தின் பயமுறுத்தலில் பாதி அதன் அளவில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் குடியேறிய டச்சு ஓவியர் வில்லெம் டி கூனிங் 1950 ஜூனில் தொடங்கினார், 1952இல் முடித்தார். ஒரு பெண்ணை எதிரில் உட்காரவைத்து வரைந்ததல்ல. வரைவார், சுரண்டி எடுப்பார், திரும்ப வரைவார். நடுவில் வெறுத்துப்போய்ப் படத்தை ஒதுக்கிவைத்தார். கலை வரலாற்றாளர் மேயர் ஷபீரோ வந்து பார்த்துப் பேசிய பிறகுதான் திரும்ப எடுத்தார். அந்த நாட்களில் பத்திரிகை விளம்பரத்திலிருந்து வாயை மட்டும் கத்தரித்து ஓவியக் காகிதத்தில் ஒட்டிப் பார்க்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அந்தப் பல் காட்டும் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

இந்தப் படத்துக்குப் பார்க்கும் முறை வேறு. வடிவத்தை விட்டு, வண்ணம் எந்த வரிசையில் விழுந்தது என்று பாருங்கள். ஒரு கை உயரப் பகுதியை எடுத்துக்கொண்டு, எந்தத் தீற்றல் எதன்மேல் போகிறது என்று நோட்டில் எண் போடுங்கள். ஈரத்தின்மேல் ஈரம் விழுந்த இடத்தில் இரண்டு நிறமும் இழுபட்டுக் கலந்திருக்கும். காய்ந்தபின் விழுந்த இடத்தில் விளிம்பு சுத்தமாக இருக்கும். பதினைந்து எண் தாண்டுவதற்குள் இது அவசரக் கிறுக்கல் என்ற எண்ணம் போய்விடும். உடம்புக்கும் பின்புலத்துக்கும் நடுவில் எல்லை அடிக்கடி அறுந்துபோவதும் தெரியும். தோளிலிருந்து தொடங்கிய தீற்றல் சுவரில் போய் முடியும்.

பெண் வெறுப்பு என்று இந்தப் படத்தின்மேல் குற்றச்சாட்டு உண்டு. பண்டைய தாய்த்தெய்வ உருவங்களும் அமெரிக்க விளம்பர அழகிகளும் சேர்ந்த கலவை என்று இன்னொரு தரப்பு. நேற்றைய சோதனையை வைத்தால் இரண்டுக்கும் மூன்று மூன்று இடம் கிடைத்துவிடுகிறது. அகன்ற கண்ணும், பிதுங்கும் மார்பும், பற்களும் இரண்டு கட்சிக்கும் சாட்சி. அதனால் ஒரு கட்சியைத் தேர்ந்தெடுத்து மற்றதை மூடுவது நேர்மையல்ல.

நான்காம் நாள், ஞாயிறு: பிலடெல்பியா

நியூயார்க்கின் பென் ஸ்டேஷனிலிருந்து ஆம்ட்ராக் ரயிலில் ஒன்றரை மணி நேரம். முன்பதிவு தாமதமானால் விலை ஏறிவிடும். மலிவான வழி, நியூ ஜெர்சி டிரான்ஸிட்டில் டிரென்டன் வரை போய் அங்கே பிலடெல்பியாவின் செப்டா புறநகர் ரயிலுக்கு மாறுவது. நேரம் கூடுதல், இணைப்பு ரயில் தவறினால் காத்திருக்க வேண்டும். 30ஆம் தெரு நிலையத்திலிருந்து ஸ்கூல்கில் ஆற்றங்கரை வழியாக நடந்தால் அரை மணிக்குள் அருங்காட்சியகம். மாதத்தின் முதல் ஞாயிறாக அமைத்துக்கொண்டால் விரும்பிய தொகை கொடுத்து உள்ளே போகலாம்.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1914இல் வரைந்த இவோன் லான்ட்ஸ்பெர்க் உருவப்படத்துக்கு முதலில் போங்கள். 147.3 x 97.5 சென்டிமீட்டர். சாம்பலும் கறுப்புமான ஒடுங்கிய பெண் உருவம், முகமூடி போன்ற முகம். அவளுடைய தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் பெரிய வளைகோடுகள் வெளியே விரிகின்றன, மொட்டு அவிழ்வதுபோல். இந்தக் கோடுகளை வண்ணத்தால் போட்டவை என்றே பலரும் நினைத்துப் போய்விடுகிறார்கள். பக்கவாட்டில் நின்று பரப்பைச் சாய்வாகப் பாருங்கள். அவை கீறல்கள். ஈர வண்ணத்தைத் தூரிகையின் பின்முனையால் உழுது, அடியில் இருக்கும் வெளிர்நிறத்தைத் திறந்திருக்கிறார். தவறினால் அந்த இடத்தையே வழித்துத் திரும்பப் பூச வேண்டும் என்பதால், கை தயங்காமல் ஒரே வீச்சில் போயிருக்கிறது. உருவம் இறுகி இருக்க, கோடுகள் மட்டும் விரிவதால் உடம்பைச் சுற்றியுள்ள காற்றும் அவளுடையதாகிறது. இந்த ஆறில் அதிக நேரம் கொடுக்கத் தகுந்தது இதுதான். அச்சுப்பிரதி எதிலும் அந்தக் கீறலின் ஆழம் வராது.

கடைசியாகச் சிற்பம். ருமேனியச் சிற்பி பிரான்குசியின் "மட்மாசேல் போகானி" (செல்வி போகானி), 1912, வெண்பளிங்கு, 44 சென்டிமீட்டர். மார்கிட் போகானி ஹங்கேரிய ஓவியர். பாரிசில் பிரான்குசிக்கு முன் பல தடவை உட்கார்ந்தார், பளிங்குத் தலை பின்னால் நினைவிலிருந்து வந்தது. முதல் நாள் ஸ்டைனின் முகம் வந்த அதே வழி. 1913இல் நியூயார்க் ஆர்மரி கண்காட்சியில் இதன் பிளாஸ்டர் வடிவத்தை முட்டை என்று கேலி செய்தார்கள்.

கேலி செய்தவர்கள் சுற்றி வந்து பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்கள். முன்னாலிருந்து: முகத்தை நிறைக்கும் இரண்டு பெரிய கண்கள், புருவ வளைவு அப்படியே வழுக்கி மூக்காக இறங்குகிறது. கால் வட்டம் நடந்தால் கன்னத்தோடு சேர்த்த கைகள். அரை வட்டத்தில் முகம் போய்விடும், பிடரியில் கொண்டை மட்டும் நிற்கும், அப்போதும் ஒரு பெண் தலையைச் சாய்த்திருப்பது தெரியும்.

இதே அருங்காட்சியகத்தில் இதன் மூன்றாம் வடிவமும் இருக்கிறது, 1931இல் செதுக்கியது. முதலில் இதைப் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள், வரிசை மாறக் கூடாது. அங்கே கண்கள் இல்லை. இருந்த இடத்தில் புருவத்தின் வளைவு மட்டும் மெல்லிய மேடாக ஓடுகிறது. முதல் தலையை மனதில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த மேட்டின் கீழே கண்கள் தாமாகத் தெரியும். நேராக இதற்கு வந்தவர்களுக்கு வழவழப்பான கல்தான் தெரியும்.